பந்துக்குள் இருக்கிற முனை

வாழைநார்க் கறை சோப்புக்கு அசையாது. எலுமிச்சந்தோலைப் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டுச் சந்தில் குடியிருக்கும் மகாலட்சுமிக்கு இதை யாரும் வந்து சொல்லித் தர வேண்டாம். பன்னிரண்டு வயதில் பூக் கட்ட உட்கார்ந்தவள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கறை படிந்த கையால்தான் சோறு பிசைகிறாள், கோலம் போடுகிறாள், சாமி கும்பிடுகிறாள்.

ஆகையால் ஆடி மாதத்து வியாழக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் விட்டு வந்த மகள் தன்ஷிகா தோசைத் தட்டுக்குக் கை நீட்டியபோது, மகாலட்சுமியின் கண் தட்டில் நிற்கவில்லை. பிள்ளையின் ஆள்காட்டி விரலில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. நகக்கண்ணில் பழுப்பு.

“என்னடி இது விரல்ல?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கு எப்படிக் கறை வரும்?”

“பி.டி. பீரியட்ல கயிறு இழுத்தோம்.”

கயிறு இழுத்தால் உள்ளங்கை சிவக்கும். ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் மட்டும் பார்த்துக் கோடு விழாது. மகாலட்சுமி அந்த விரலைப் பிடித்து மோந்து பார்த்தாள். தண்ணீரில் ஊறிய நாரின் வாசனை. அடுப்பில் தோசை கருகியது. அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கை நீண்டிருக்கும். பெண் பிள்ளையை அடிப்பதில்லை என்று வைத்திருந்த கொள்கை அன்றைக்கு ஒரு தோசை இடைவெளியில் தப்பித்தது.

மகள் பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். பூக் கட்டியிருக்கிறாளே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பிள்ளையின் கை நாரைத் தொடக்கூடாது என்று பிறந்த அன்றைக்கே முடிவு கட்டியவள் மகாலட்சுமி. அதற்கொரு காரணமும் உண்டு. ஏழாவது படிக்கும்போது அவள் கணக்கில் முதல் மார்க். அந்த ஆடியில் அவளுடைய அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. சமயபுரத்துக்கும் உறையூருக்கும் மாலை போகிற சீசன், கை ஆள் இல்லை. “பத்து நாள் லீவு போடு பாப்பா, அம்மா எந்திரிச்சதும் போயிடலாம்” என்றார்கள். அவள் விரல் வேகமான விரல். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வேலையைச் செய்தது. அம்மா எழுந்துவிட்டாள், ஆனால் அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

கை பழகிவிட்டால் விடமாட்டார்கள். மகாலட்சுமி வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இது. தெரியாத வேலையை யாரும் தலையில் கட்ட மாட்டார்கள். அதனால் அவள் கூடத்தில் பூக் கட்ட உட்கார்ந்தால் மகளை உள்ளறைக்கு அனுப்பிவிடுவாள். “இந்தப் பக்கம் பார்க்காத. முதுகைக் காட்டி உக்காந்து எழுது” என்பாள். கல்யாண ஆர்டர் வந்து திண்டாடுகிற நாளில்கூட எதிர்வீட்டு மயிலம்மாளைத்தான் கூப்பிடுவாள். ஸ்கூலில் யாராவது கேட்டால் ‘அப்பா ஃப்ளவர் பிசினஸ்’ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றும் பழக்கி வைத்திருந்தாள். அதில் முழுப் பொய் இல்லை. அவள் புருஷன் அழகிரி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டரை, போசம்பட்டி கிராமங்களிலிருந்து பூ மூட்டை ஏற்றி வந்து சாத்தார வீதி மார்க்கெட்டில் இறக்குவான்.

அவன் வந்து கை கால் கழுவியதும் விஷயத்தைச் சொன்னாள். மகள் ஹோம்வொர்க் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

“தன்ஷிம்மா, இங்க வா. நெசத்தைச் சொல்லு, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன். எங்க பூக் கட்டின?” என்றான் அழகிரி.

பிள்ளை அம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. “கம்ப்யூட்டர் கிளாஸ்ல” என்றது.

அழகிரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “கம்ப்யூட்டர் கிளாஸ்ல பூக் கட்டுறாங்களா? அட, அப்ப உங்கம்மா இருபது வருஷமா கம்ப்யூட்டர் இன்ஜினியரு. எனக்குத் தெரியாமப் போச்சே!”

“சிரிங்க. நல்லா சிரிங்க. வயித்தைக் கட்டி வாயைக் கட்டி இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தது இதுக்குத்தான்.”

“இரு மகா. என்ன ஏதுன்னு கேக்க வேண்டாமா?”

“கேக்கத்தான் போறேன். நாளைக்கு நானே போறேன். அந்த கிளாஸே வேணாம்னு சொல்றேன். முடியாதுன்னா டி.சி.யை வாங்கிட்டு வந்துடுவேன்.”

டி.சி. என்ற சொல்லைக் கேட்டதும் தன்ஷிகா அழ ஆரம்பித்தாள். மகாலட்சுமி அதைக் கண்டுகொள்ளாமல் கருகிய தோசையைத் தானே தின்றாள்.

மறுநாள் ஆடி வெள்ளி. விடியும் முன்பே முல்லையும் கனகாம்பரமும் வந்து இறங்கிவிட்டன. காற்று சும்மா இல்லை. சாக்கை விரித்தால் சாக்கு பறக்கிறது, பூவைக் கொட்டினால் பூ பறக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது முல்லை எம்மாத்திரம். கதவைச் சாத்திக்கொண்டு மகாலட்சுமியும் மயிலம்மாளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். இடது கையில் பூவைப் பிடிப்பது, வலது கையால் நாரைச் சுற்றி ஒரு கண்ணி இறுக்குவது, அடுத்த பூ. கட்டக் கட்டச் சரத்தை உருட்டிப் பந்தாக்கி, ஈர வாழையிலையில் பொதிந்து வைப்பது. வாய்க்கு மட்டும்தான் ஓய்வு, அதனால் அது பேசியது.

“நீ போய் சண்டை போடாத மகா. டீச்சரு பிள்ளையைக் கட்டம் கட்டிரும்,” என்றாள் மயிலம்மாள்.

“கட்டட்டும் அத்தை.”

“நம்ம தொழிலைத் தொட்டா என்ன பாவமா? பூவோட சேந்த நாரும் மணக்கும்பாங்க.”

“நார் மணக்கும். கட்டுற கை மணக்குதா அத்தை? உங்க கையை மோந்து பாருங்க.”

மயிலம்மாள் உண்மையாகவே மோந்து பார்த்துவிட்டு, “நேத்து வெச்ச கருவாட்டுக் குழம்புதான் மணக்குது” என்றாள். மகாலட்சுமிக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கடைக்காரர் வந்து பந்துகளை எடுத்துப்போனார். தயிர்ச் சோற்றை நின்றபடியே விழுங்கிவிட்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி வெயிலில் மூலத்தோப்பில் இருக்கும் ஸ்கூலுக்கு நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன் வீரமலை மறித்தார்.

“பேரன்ட்ஸ் பார்க்கிறது மாசக் கடைசி சனிக்கிழமைங்க.”

“அதுவரைக்கும் என் கோவம் தாங்காதுங்க. வழி விடுங்க.”

வீரமலைக்கும் மூன்று பெண் பிள்ளைகள். கோபத்தின் தரம் பார்த்ததும் தெரியும். விட்டுவிட்டார்.

நான்காம் வகுப்பு ஏ பிரிவின் ஜன்னலோரம் வந்து மகாலட்சுமி நின்றாள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை. பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாகப் பிள்ளைகள். நடுவே பிளாஸ்டிக் கூடையில் முல்லையும் கனகாம்பரமும், ஒரு வாளித் தண்ணீரில் நார். வட்டத்தின் மத்தியில் அவளுடைய மகள். தன்ஷிகா பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கட்டி மகாலட்சுமி பார்ப்பது அதுதான் முதல் தடவை. தட்டுத்தடுமாறுகிற கை இல்லை. பூ எடுப்பதும் சுற்றுவதும் இறுக்குவதும் ஒரே ஓட்டமாக இருந்தது. பெற்றவளுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தாள். பிள்ளை பூவை வலது கையில் பிடித்து நாரை இடது கையால் சுற்றுகிறாள். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை. இது மட்டும் இடது. அவளுக்குத் தெரிந்து இந்த ஊரில் அப்படிக் கட்டுகிறவர்கள் யாரும் இல்லை. யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் கோபம் திரும்பி வந்தது.

பிள்ளைகள் சரங்களைப் பந்தாக உருட்டி, இலையில் பொதிந்து, கூடையில் போட, இரண்டு பேர் அதைப் பக்கத்து பி பிரிவுக்குக் கொண்டு ஓடினார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் ரஷீதா வராந்தாவுக்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பாலக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

“வாங்கம்மா. தன்ஷிகா அம்மாதானே?”

“ஆமாங்க. நான் சுத்தி வளைச்சுப் பேசலை. என் பொண்ணு பூக் கட்டக் கூடாதுன்னுதான் இந்த ஸ்கூல்ல சேர்த்தேன். நீங்க கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லிட்டு அவளை நார் புடிக்க வெச்சிருக்கீங்க. இது என்னங்க நியாயம்?”

“போன மீட்டிங்ல நீங்கதானேம்மா சொன்னீங்க, போனைப் புடுங்கினா அழுவுறா, எந்நேரமும் ஸ்கிரீன்லயே இருக்கான்னு? அதனாலதான் இந்த வருஷம் சின்ன கிளாஸுக்கு ஸ்கிரீனே வேணாம், கையால சொல்லிக் குடுக்கலாம்னு ஆரம்பிச்சேன்.”

“பூக் கட்டுனா கம்ப்யூட்டர் வந்துடுமா?”

“கொஞ்சம் கேளுங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டே விஷயம்தான் தெரியும். உண்டு, இல்ல. நீங்க எழுதுறது, போட்டோ, பாட்டு, எல்லாத்தையும் அது உண்டு, இல்லன்னுதான் வெச்சுக்குது. கனகாம்பரம்னா உண்டு. முல்லைன்னா இல்ல. ஒரு எழுத்துக்கு அஞ்சு கண்ணி. முதல் கண்ணிக்குப் பதினாறு, அடுத்தது எட்டு, அப்புறம் நாலு, ரெண்டு, ஒண்ணு. எங்கெல்லாம் கனகாம்பரம் இருக்கோ அதை மட்டும் கூட்டணும். கூட்டினா ஒண்ணு வந்தா ஏ. ரெண்டு வந்தா பி. பதிமூணு வந்தா எம். ஒரு எழுத்து முடிஞ்சா நடுவுல ஒரு மரிக்கொழுந்து. பி பிரிவு கேள்வி அனுப்பும், இவங்க பூவுல பதில் கட்டி அனுப்பணும்.”

மகாலட்சுமி கேட்க வந்தது இதை இல்லை. ஆனாலும் கணக்கில் முதல் மார்க் வாங்கிய மூளை சும்மா இருக்குமா? எட்டும் நாலும் ஒண்ணும் பதிமூணு என்று அது தானாகவே கூட்டிப் பார்த்துக்கொண்டது.

“மணி கோத்துப் பண்ண வேண்டியதுதானே? பூ எதுக்கு?”

“மணிதான் வெச்சிருந்தேன். தீந்துபோச்சு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல உதிரிப்பூ வாங்கிட்டு வந்து ஊசியில கோக்கலாம்னு பார்த்தேன். தன்ஷிகாதான், ‘முல்லைக்கு ஊசி போடாதீங்க டீச்சர், காம்பு கிழிஞ்சுரும், நார்ல கட்டணும்’னா.”

“அவளா சொன்னா?”

“அவதாம்மா எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா. எனக்கும்தான். எனக்குப் பூ வெச்சுக்கத் தெரியும், கட்ட எங்க தெரியும்?”

மகாலட்சுமி டீச்சரை என்னென்ன திட்டலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். இந்த வகுப்பில் பூக் கட்டுகிற வாத்தியாரே தன் மகள்தான் என்றால் யாரைத் திட்டுவது?

அதற்குள் பி பிரிவிலிருந்து ஒரு படையே வந்துவிட்டது. முன்னால் ஹாசினி என்ற பெண், கையில் அவிழ்த்த சரம். பின்னால் அவர்களுடைய லிசி டீச்சர், “மெதுவா, மெதுவா” என்று கத்தியபடி.

“மிஸ், இவங்க எல்லாமே தப்பு. ஒண்ணுகூட வார்த்தையே வரலை.”

“நாங்க கரெக்டாத்தான் கட்டினோம்!” என்று ஏ பிரிவு எழுந்தது.

“இதைப் பாருங்க மிஸ். தன்ஷிகா சரம். பி, வி, வி, பி. இப்படி ஒரு வார்த்தை இருக்கா?”

பி பிரிவு கொல்லென்று சிரித்தது. தன்ஷிகாவின் முகம் சுருங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் நின்ற அம்மாவைக் கண்டாள். சுருங்கிய முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

ரஷீதா டீச்சர் சார்ட்டை வைத்துக் கூட்டிப் பார்த்தார். பதினாறு, பென்சிலுக்கு வர்ற பி. பதினாறும் நாலும் ரெண்டும் இருபத்திரண்டு, வி. “அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. தன்ஷிகா, எங்கயோ மாத்திக் கட்டிட்டியாடா? ஆனா இருபது பேரும் எப்படி மாத்துவீங்க?”

“இல்ல மிஸ்” என்றாள் தன்ஷிகா.

மகாலட்சுமி அந்தச் சரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாசினி அதைப் பிடித்திருந்த முனையில் நார் நீளமாகத் தொங்கியது. மறுமுனையில் இரட்டை முடிச்சு. பூக் கட்டுகிறவள் எவளும் அரைக் கண்ணில் சொல்லிவிடுவாள். ஆனால் சொன்னால் தெரிந்துவிடும், இவள் யார், என்ன வேலை செய்கிறாள் என்று. நல்ல புடவை, ஃப்ளவர் பிசினஸ் எல்லாம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். வாயை மூடிக்கொண்டு நின்றால், கம்ப்யூட்டர் கிளாஸ் என்று இவர்கள் செய்வது வேலைக்காகாது என்று தானே நிரூபணம் ஆகிவிடும். வந்த காரியம் பேசாமலே முடியும். மகளும் இனி நாரைத் தொட மாட்டாள்.

நாற்பது பிள்ளைகள் பார்க்க, நடுவில் தன் பிள்ளை செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நிற்கிறது. அவளால் தாங்க முடியவில்லை.

“அது தப்பில்லை. நீங்க வால்லேர்ந்து படிக்கிறீங்க,” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“பூவைப் பந்தா உருட்டினா கடைசியா கட்டினதுதான் வெளியில நிக்கும். மொதல்ல கட்டினது உள்ள கிடக்கும். நீங்க வெளிலேர்ந்து அவுத்துக்கிட்டே படிச்சிருக்கீங்க. கடைக்கு வர்றவங்களுக்கு எந்த முனையா இருந்தா என்ன, அளந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. படிக்கிறவங்களுக்கு அப்படி ஆகாது. இந்தா பாரு, ரெட்டை முடிச்சு இருக்குல்ல? இதான் தலை. இங்கேர்ந்து படி.”

ஹாசினி சரத்தைத் திருப்பிப் பிடித்தாள். முல்லை, முல்லை, முல்லை, முல்லை, கனகாம்பரம். “ஒண்ணு. ஏ.” மரிக்கொழுந்து. முல்லை, கனகாம்பரம், கனகாம்பரம், முல்லை, கனகாம்பரம். ஹாசினி விரல் விடுவதற்குள் மகாலட்சுமி மனதுக்குள் கூட்டிவிட்டாள். பதிமூணு. எம். அடுத்ததும் எம். கடைசியில் மறுபடி ஏ.

“அம்மா!” என்று கத்தினாள் ஹாசினி. “மிஸ், அம்மான்னு வருது!”

“நீங்க என்ன கேள்வி கேட்டீங்க?” என்றார் ரஷீதா டீச்சர்.

“நேத்து பட்டன் கோத்து அனுப்பினோம்ல மிஸ். உனக்கு யாரு பூக் கட்டச் சொல்லிக் குடுத்தான்னு.”

வராந்தாவில் காற்று அடித்து யாருடைய நோட்டோ படபடத்தது. பி பிரிவுப் பிள்ளைகள் மற்ற சரங்களைத் திருப்பிப் படிக்க ஓடிவிட்டார்கள். ஹாசினி மட்டும் நின்றாள்.

“ஆன்ட்டி, நீங்க பூக் கட்டுவீங்களா?”

தன்ஷிகா தரையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை தன் பதிலுக்குப் பயந்து நிற்கிறது என்பதை மகாலட்சுமி பார்த்தாள். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறாளே. இதையா நான் வளர்த்தேன் என்று நினைத்தாள்.

“கட்டுவேன் பாப்பா. உன் வயசுக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும்போதிலேர்ந்து கட்டுறேன். அதான் என் வேலை,” என்றாள்.

“சூப்பர் ஆன்ட்டி” என்றுவிட்டு ஹாசினி ஓடினாள். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. இத்தனை வருஷம் மூடி வைத்த விஷயம் ஒரு ‘சூப்பர் ஆன்ட்டி’க்கு மேல் தாங்கவில்லை.

“என்னமோ சொல்ல வந்தீங்களேம்மா. கிளாஸ் வேணாம்னு…” என்று இழுத்தார் ரஷீதா டீச்சர்.

“படிக்கட்டுங்க. ஆனா நாரை இன்னும் நல்லா ஊற வைங்க. காஞ்ச நாரு பிள்ளைங்க கையை அறுக்கும்.”

மூன்றே முக்காலுக்கு மணி அடித்ததும் அம்மாவும் மகளும் நடந்தார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். காவிரிக்கரை அம்மாமண்டபம் பக்கமிருந்து வந்த காற்றில் ஈர வாசனை. தன்ஷிகா நாலு அடி தள்ளியே வந்தாள். வழக்கமாக வாய் ஓயாத பிள்ளை.

“அம்மா, கோவமா?”

“இல்லை.”

“டி.சி. வாங்கலையே?”

“வாங்கலைடி. பக்கத்துல வா, வண்டி வருது.” கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: “நான் உனக்குச் சொல்லிக் குடுக்கவே இல்லையே. ஏன் அம்மான்னு கட்டின?”

“வேற யாரு சொல்லிக் குடுத்தா?”

“நீதான் உள்ளறையில முதுகு காட்டி உக்காந்திருப்பியே. எங்கேர்ந்து பார்த்த?”

தன்ஷிகா கொஞ்சம் யோசித்தாள், சொல்லலாமா வேண்டாமா என்று. “பீரோ கண்ணாடியில,” என்றாள். “நோட்டை மடியில வெச்சுக்கிட்டு பீரோ பக்கம் திரும்பி உக்காந்தா, நீ கட்டுறது முழுசாத் தெரியும்மா. உன் கை மட்டும் தெரியுற மாதிரி கதவை ஒருக்களிச்சு வெப்பேன். ஷூ லேஸ்ல கட்டிக் கட்டிப் பார்ப்பேன்.”

மகாலட்சுமி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். இடது கை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. யாரும் தப்பாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணாடியில் அவளுடைய வலது கை பிள்ளைக்கு இடது கையாகத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷம், எத்தனை சாயங்காலம். பார்க்காதே என்று இவள் முதுகைத் திருப்பி உட்கார வைக்க, அது ஒரு வழி கண்டுபிடித்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“ஏம்மா அழற?”

“காத்துல மண்ணு.”

பிள்ளை அதை நம்பியதா என்று தெரியவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“நாளைக்கு லீவுதானே?” என்றாள் மகாலட்சுமி.

“ம்.”

“காலைல ஒரு முழம். ஒரே ஒரு முழம்தான். அதுக்கு மேல நீ கெஞ்சினாலும் ஒரு பூ குடுக்கமாட்டேன். எவ்வளவு ஆர்டர் வந்தாலும் சரி, எவன் வந்து கேட்டாலும் சரி. மிச்ச நேரம் படிப்பு. சம்மதமா?”

தன்ஷிகா அம்மாவை நம்பாமல் நிமிர்ந்து பார்த்தாள். “நெசமாவா? மயிலம்மா பாட்டி மாதிரி உனக்கு எதிர்ல உக்காரட்டுமா?”

“எதிர்ல உக்காந்தா மறுபடி கை மாறிப் போயிடும்டி,” என்றாள் மகாலட்சுமி. “பக்கத்துல உக்காரு.”